விரதமும் தூண்டிலும்



கந்தசட்டி விரதம் தொடங்க இன்னும் இரண்டு கிழமைகள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. மனோர் பார்க் சேர்ச் வீதியில் உள்ள முருகன் ஆலயத்தில் மாலைப் பூசை முடிந்து, பிரசாதத்துக்காக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவன் என் தங்கையின் மகன். இந்த நாட்டிலேயே பிறந்தவன். கனறி வோவில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை. ஆனாலும் ஆறு நாளும் ஒருபொழுது இருந்து, சூரன்போர் பார்த்து, பாறணையோடுதான் விரதத்தை முடிப்பான். தாயின் வளர்ப்பு அப்படி. அவன் திரும்பி நின்று என்னிடம் கேட்டான்:

"மாமா, ஒண்டு கேக்கோணும். கந்தோரிலை ஐஞ்சு பேர் சேர்ந்து ஃபல்மத்திலை ஒரு படகு பிடிச்சிருக்கினம். பெரிய சூரை மீன் பிடிக்கிறதுக்கு. விரதத்தின்ரை ரெண்டாம் நாள் வருது. ஆனா மீனைக் கொல்லுறேல்லை. தண்ணிக்கு வெளியிலை எடுக்கவே கூடாதாம். பிடிச்சு, அளந்து, விட்டுடுவினம். நான் மச்சம் சாப்பிடவும் போறேல்லை. அப்ப விரதம் முறியுமோ?"

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் நான். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு உடனே பதில் சொல்லிப் பழகிய வாய். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். குருக்கள் ஐயாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி சாத்திரத்தை மட்டும் பற்றியது அல்ல என்று எனக்குப் பட்டது. யோசித்ததை இங்கே எழுதுகிறேன். வாசகர்கள் மாறுபட்ட கருத்து உடையவர்களாக இருந்தால் அதுவும் நல்லதே.

முதலில் சூரையைப் பற்றிக் கொஞ்சம். ஊரில் சூரைக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. விளை, பாரை, அறுக்குளா என்று கிடைத்தால் சூரையை யாரும் தேடமாட்டார்கள். இரத்தம் கலந்த கறுத்தத் தசை என்று விருந்தினருக்குச் சமைக்கமாட்டார்கள். ஆனால் அதன் இனத்தைச் சேர்ந்த சிறிய மீனொன்றை அவித்து, புகையூட்டி, கல்லுப்போல் காயவைத்தால் அது மாசி. மாலைதீவிலிருந்து வந்த அந்த மாசி இல்லாமல் எங்கள் வீட்டில் சம்பல் இல்லை. இன்றைக்கும் ஹை ஸ்ரீட் நோர்த்தில் கடைக்குக் கடை அது தொங்குகிறது.

மருமகன் சொன்னது அந்தச் சின்னச் சூரை அல்ல. அத்திலாந்திக் கடலின் நீலத்துடுப்புச் சூரை. 1979 ஆம் ஆண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தூண்டிலில் பிடிபட்டது ஒன்று 1,496 இறாத்தல் இருந்தது. நாம் காரில் இருத்தி ஆலயத்துக்குக் கூட்டிவரும் முழுக் குடும்பத்தின் நிறையை விட அதிகம்.

இது இங்கிலாந்துக்குப் புதிய மீனும் அல்ல. 1930 ஆம் ஆண்டு மிச்செல்-ஹென்றி என்ற கனவான் ஸ்காபரோவுக்கு அப்பால் வடகடலில் முதன்முதலாகத் தூண்டிலால் இம்மீனைப் பிடித்தார். (எம்மவர் நிறைந்திருக்கும் கனடாவின் ஸ்காபரோ அல்ல. அதற்குப் பெயர் கொடுத்த யோர்க்ஷயர் ஸ்காபரோ.) 1933 இல் அவரே 851 இறாத்தல் மீன் ஒன்றைப் பிடித்தார். அதே ஆண்டு அங்கே அதற்கென்று ஒரு கழகமும் அமைந்தது. ஹெரிங் மீன் பிடிக்கும் படகுகளைச் சுற்றிச் சூரைகள் வரும். செல்வந்தர்கள் உல்லாசப் படகுகளில் வந்து காத்திருப்பார்கள். பிடித்த மீனைத் துறைமுகத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். பின்னர் ஹெரிங் குறைந்தது, சூரையும் போயிற்று. அறுபதுகளுக்குப் பிறகு இந்தக் கரைகளில் அதைக் காண்பதே அரிது. உலகெங்கும் அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததனால் 2011 இல் அது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருந்தது. பிடிக்கும் அளவைச் சர்வதேச ரீதியில் கடுமையாகக் குறைத்தார்கள். இனம் மெல்லத் தேறி, 2021 இல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. கோர்ன்வோல், டெவன் கடல்களுக்கும் திரும்பி வந்துவிட்டது.

திரும்பி வந்த மீனைத் தேடித் தூண்டில்காரரும் வந்தார்கள். 2021 இல் விஞ்ஞான ஆய்வுக்காக, தேர்ந்தெடுத்த படகுகள் பிடித்து, அடையாளம் குத்தி, விட்டன. 2024 ஓகஸ்டிலிருந்து அனுமதிப் பத்திரம் உள்ள படகுகளில் பொழுதுபோக்காகப் பிடித்து விட இங்கிலாந்தில் இடமுண்டு. வைத்துக்கொள்ளக் கூடாது. படகுக்குள் ஏற்றக் கூடாது. விற்பனைக்காகப் பிடிப்பதற்கு 2023 இல் பரீட்சார்த்தமாகப் பத்துப் படகுகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். ஆக, மருமகன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கொல்லவும் மாட்டான், உண்ணவும் மாட்டான்.

வேறு நாடுகளில் இது இன்னும் பெரிய விடயம். அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்திலிருந்து எட்டு நாள், பத்து நாள், பதினாறு நாள் என்று மெக்சிக்கோவின் தூரக் கடல்களை நோக்கிக் கப்பல் போகிறது. இருபது முப்பது பேர் பெருந்தொகைப் பணம் கட்டி ஏறுகிறார்கள். எல்லாம் மஞ்சள்துடுப்புச் சூரைக்காக. இருநூறு இறாத்தலுக்கு மேற்பட்ட சூரைக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் என்ன தெரியுமா? பசு! சைவ சித்தாந்தம் படித்த எமக்குப் 'பசு' என்றால் கட்டுண்ட உயிர். கட்டும் கயிறு பாசம். அவர்கள் இதை அறிந்து வைத்த பெயர் அல்ல, பருமனைப் பார்த்து வைத்தது. ஆனாலும் கயிற்றின் நுனியில் கட்டுண்டு இழுபடும் அந்த உயிருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. நிற்க, அங்கே பிடிப்பதைப் பெரும்பாலும் குளிரில் வைத்துக் கொண்டுவந்து உண்கிறார்கள். இங்கே விடுகிறார்கள். எது மேல்?

பார்த்த மாத்திரத்தில், விடுவதுதான் மேல் என்று சொல்லத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. திருக்குறளில் புலான்மறுத்தலுக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு ஓர் அதிகாரம். இரண்டையும் மீறவில்லையே! ஆனால் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. ஜெர்மனியில் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் தகுந்த காரணம் இல்லாமல் ஓர் உயிரை வருத்துவதைத் தடுக்கிறது. உண்பதற்காகப் பிடிப்பது தகுந்த காரணம். விடுவதற்கென்றே பிடிப்பது அப்படிப்பட்ட காரணம் அல்ல என்பதே அங்கு பொதுவாகக் கொள்ளப்படும் பொருள். சுவிற்சர்லாந்தின் 2008 ஆம் ஆண்டுக் கட்டளை இன்னும் வெளிப்படை: விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதே தடை. அதாவது ஃபல்மத்தில் என் மருமகன் மீனை வைத்துக்கொண்டால் குற்றவாளி. சூரிச் ஏரியில் விடுவதற்கென்றே தூண்டில் போட்டால் குற்றவாளி. ஒரே செயல், இரண்டு நாடு, இரண்டு நியாயம்.

இரண்டு பக்கமும் முட்டாள்கள் இல்லை. இங்கிலாந்துச் சட்டம் இனத்தைப் பார்க்கிறது: கடலில் சூரை எத்தனை இருக்கிறது, நாளைக்கு எத்தனை இருக்கும்? சுவிஸ்காரர் ஒற்றை மீனைப் பார்க்கிறார்: இந்த மீனுக்கு இப்போது என்ன நடக்கிறது? இனத்துக்கு வலி இல்லை. வலி இருந்தால் அது ஒற்றை மீனுக்குத்தான்.

மீனுக்கு வலி உண்டா? 2003 இல் ஸ்கொட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற பெண் விஞ்ஞானியும் உடன் உழைத்தவர்களும், வானவில் ட்ரவுட் மீனின் உதட்டில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் ஏற்றிய மீன்கள் சரளைக் கல்லில் உதட்டைத் தேய்த்தன. நெடுநேரம் உணவைத் தொடவில்லை. மூளையின் அமைப்பைக் காட்டி, அது நாம் அறியும் வலி அல்ல என்று அமெரிக்காவின் ஜேம்ஸ் ரோஸ் போன்றவர்கள் மறுத்தார்கள். 2022 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் ஒன்று முள்ளந்தண்டு உள்ள எல்லா உயிரையும், மீன் உட்பட, உணர்வுள்ளவை என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், மீன்பிடியின் வழமையான போக்கில் நடப்பவற்றுக்குப் பொருந்தாது என்று சொல்லி வைத்திருக்கிறது. உணர்வு உண்டு, ஆனால் கேட்கக் கூடாது! பாராளுமன்றத்திலும் தூண்டில்காரர் இருப்பார்கள்தானே.

சூரையின் உடம்பைப் பற்றி வாசித்தபோதுதான் எனக்கு மனம் கொஞ்சம் கலங்கியது. மற்ற மீன்களைப் போலச் செவுளை அசைத்துத் தண்ணீர் இறைத்து மூச்சுவிட அதனால் முடியாது. வாயைத் திறந்தபடி முன்னே நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் செவுளுக்குள் பாயும். நின்றால் மூச்சு நின்றது. பிறந்த நாளிலிருந்து இறக்கும் நாள்வரை அதற்கு ஓய்வு இல்லை. அதன் உடம்பும் சுற்றியுள்ள கடலை விடச் சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்குத் தசையின் உழைப்பே காரணம். அப்படிப்பட்ட ஒன்று தூண்டிலில் பட்டால் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம், சிலவேளை அதற்கும் மேல் இழுக்கிறது. மேலே ஒருவர் இடுப்பில் பட்டி கட்டி, வளைந்த தடியைத் தாங்கி, வியர்த்து இழுக்கிறார். கீழே மீன் சூடேறி, தசையில் அமிலம் நிறைந்து, களைத்து வருகிறது. படகின் பக்கத்தில் வந்ததும் உடனே விட்டால் மூழ்கிவிடும் என்பதால், வாயைப் பிடித்தபடி படகை மெதுவாக ஓட்டுகிறார்கள். தண்ணீர் செவுளில் பாய்ந்து, மீன் உயிர் தேறி, தானே உதறிக்கொண்டு போகும்வரை. நல்ல படகோட்டிகள் இதைப் பொறுமையாகவும் அக்கறையாகவும் செய்கிறார்கள். ஆய்வுக் காலத்தில் இறந்தவை மிகச் சிலவே. நோயாளியைப் பிடித்து நடத்துவதுபோல மீனை நடத்திவிடும் அந்தக் கைகளில் கருணை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நோயைக் கொடுத்ததும் அதே கைகள்தான் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பிடித்த மீனைக் கடலில் விடுவது சைவருக்கு ஒன்றும் புதுமை அல்ல. அறுபத்துமூவரில் ஒருவர் இதைச் செய்தே நாயனார் ஆனார்.

அதிபத்த நாயனாரைச் சொல்கிறேன். நாகபட்டினத்துக் கடற்கரையில் நுளைப்பாடியில் பிறந்தவர். மீன்பிடிகாரர்களின் தலைவர். ஒவ்வொரு நாளும் வலையில் பட்டவற்றில் ஒரு மீனைச் சிவனுக்கு என்று கடலில் விடுவார். ஒரு காலத்தில் வலையில் நாளுக்கு ஒரே ஒரு மீன் பட்டது. அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. மறுநாளும் ஒன்று. அதையும் விட்டார். நாட்கள் போயின, சுற்றம் வாடியது. பின்னர் ஒருநாள் பட்ட ஒற்றை மீன் பொன்னும் மணியும் இழைத்தது. அதையும் விட்டார். சேக்கிழார் பெரியபுராணத்தில் இதைப் பாடியிருக்கிறார். ஆவணி ஆயிலியத்தில் நாகபட்டினம் காயாரோகணர் ஆலயத்தில் மீனவ மக்கள் பொன்மீன் விடும் விழாவாக இதை இன்றும் நடத்துகிறார்கள்.

ஃபல்மத்தில் விடுவதும் விடுவது, நுளைப்பாடியில் விட்டதும் விட்டது. வேறுபாடு எங்கே? நான் இரண்டு இரவு இதையே யோசித்தேன். அதிபத்தர் வலை வீசியது பசிக்காக. விட்டபோது தன் சோற்றை விட்டார். பிள்ளைகளின் சோற்றை விட்டார். தூண்டில் விளையாட்டுக்காரர் விடும்போது எதை விடுகிறார்? அவர் வந்த காரியம் அந்த நேரத்தில் முடிந்துவிட்டது. அவர் தேடி வந்தது மீனின் இறைச்சியை அல்ல, அது இழுக்கும் இழுவையை, போராடும் போராட்டத்தை. அதை முழுவதுமாக எடுத்துக்கொண்ட பிறகு, தமக்குத் தேவையில்லாத மிச்சத்தைக் கடலுக்குத் திருப்பிக் கொடுக்கிறார். அந்த மிச்சம் உயிரோடு இருக்கிறது என்பது நல்ல செய்திதான். ஆனால் அவர் ஒன்றையும் உண்ணவில்லை என்று சொல்ல முடியாது. அவர் உண்டது மீனின் தவிப்பை.

மருமகனின் கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைத்ததுபோல் இருந்தது. மச்சம் என்பது தட்டில் இருப்பது மட்டும் அல்ல. வேறோர் உயிரின் தவிப்பைச் சுவைத்தால் விரதம் விரதம்தானா?

அடுத்த வெள்ளிக்கிழமை இதை அவனிடம் சொன்னேன். நல்லவேளை, கூட ஓர் அண்ணையும் இருந்தார். மயிலிட்டிக்காரர், எழுபத்தைந்து வயது. தகப்பன் மூன்றரைத் தொன் படகில் ஆழ்கடலுக்குப் போனவர். இவரும் 1990 இல் ஊரோடு இடம்பெயரும்வரை கடலில் நின்றவர். மயிலிட்டித் துறைமுகம் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது 2017 யூலையில். அதற்கிடையில் இவருக்கு ஈஸ்ட்ஹாமில் பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நான் சொல்வதைக் கேட்டுச் சிரித்தார்.

"மாஸ்ரர், தவிப்பு எண்டு சொல்லுறியள். நாங்கள் பிடிச்ச மீன் சிரிச்சுக்கொண்டோ செத்தது? வலையிலை ராத்திரி முழுக்க அடிச்சுத்தான் செத்தது. நீங்கள் காலமை சந்தையிலை வந்து செவுளைத் தூக்கிப் பாத்து விலை பேசினியள்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் சொல்லாததும் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மீனை ஆசையாக உண்டோம். பிடித்தவரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினோம். அதிபத்தருக்குக் குருபூசை செய்த அதே கைகள். இதைப் பற்றி எங்கள் பத்திரிகைகளில் யாரும் எழுதுவதில்லை. நானும் இதுவரை எழுதியதில்லை. இப்போது இந்த அண்ணையும் நானும் ஒரே பந்தியில் இருந்து ஆலயச் சோறு உண்கிறோம். இலண்டன் செய்த நன்மைகளில் அதுவும் ஒன்று.

கடலில் தூரப் பயணம் போவது எம்மவருக்கும் புதிது அல்ல என்றார் அவர். உண்மைதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூரும் அதை ஒட்டிய ஊர்களும் இருக்கின்றன. அந்த மீனவர் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடல் போகிறவர்கள். 2017 நொவெம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது அவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய பயணத்துக்குப் பணம் கட்டி யாரும் ஏறுவதில்லை. அவர்கள் மீனை வருத்துகிறார்கள், கடல் அவர்களை வருத்துகிறது. அது ஒரு கணக்கு. விளையாட்டில் கணக்கின் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது.

"அப்ப அங்கிள், நான் போகலாமோ?" என்று மருமகன் அவரிடம் கேட்டான். என்னை விட்டுவிட்டான், பாருங்கள்.

"அது எனக்குத் தெரியாது தம்பி. மீனைப் பிடிச்சு விடுறதுக்குக் காசு குடுக்கிற ஆக்களை நான் காணேல்லை. ஆனா நீ போன வருசம் தேர்த் திருவிழாவுக்குச் செடில் காவடி எடுத்தனியெல்லே? முதுகிலை எத்தினை முள்ளு?"

"ஆறு."

"குத்தேக்கை உன்னைக் கேட்டவையோ?"

"ஓம். 'தாங்குவியோ' எண்டு கேட்டவை."

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். நானும் மருமகனும் தலை குனிந்து சோற்றைப் பிசைந்தோம். முப்பது வருடம் படிப்பித்த எனக்கு இந்த உதாரணம் வரவில்லை. சேர்ச் வீதியில் வருடா வருடம் பார்க்கும் காட்சி. தன் உடம்பில் தானே கேட்டு முள் ஏற்றிக்கொள்கிறவன் அடியான். நேர்த்தி அவனுடையது, வலியும் அவனுடையது. மீன் யாருக்கும் நேர்த்தி வைக்கவில்லை.

ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் விவாதத்தில் சும்மா விடமாட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில், றொம்ஃபோர்ட் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, மருமகன் கேட்டான்: "சரி மாமா, நான் போகாமல் விடுறன். ஆனா உங்கடை மாசிச் சம்பல்? ரின் மீன்? அந்த மீனுக்குத் தவிப்பு இல்லையோ? எங்கடை படகிலை பிடிக்கிற மீன் திரும்பிப் போய் நீந்துது. அதிலை குத்தின அடையாளத்தாலைதான் அது மத்தியதரைக் கடலுக்குப் போய் முட்டை போடுது எண்டெல்லாம் கண்டுபிடிக்கினம். உங்கடை மீன் ஒண்டும் திரும்பிப் போகேல்லை."

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மாலைதீவில் ஒவ்வொன்றாகத் தடியால் தூக்கிப் பிடிக்கிறார்கள், நீண்ட நேரம் இழுப்பதில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் அதற்காகத்தான் நான் மாசி வாங்குகிறேன் என்றால் அது பொய். ருசிக்காக வாங்குகிறேன். பசி என்ற நியாயமும் எனக்கு இல்லை. இந்த நாட்டில் பருப்பும் கீரையும் உண்டு வாழ எவருக்கும் தடை இல்லை. அதிபத்தருக்கு இருந்த பசி வேறு, எனக்கு இருக்கும் ஆசை வேறு. அப்படிப் பார்த்தால் நாவுக்காக ஒரு மீனைக் கொல்லுகிற நான், கைக்காக ஒரு மீனை இழுத்து விடுகிறவனுக்குப் புத்தி சொல்ல எந்தப் படியில் நிற்கிறேன்? மரக்கறி மட்டும் உண்ணும் என் தங்கை சொன்னால் அதற்கு ஒரு பெறுமதி உண்டு. அவளோ "போகட்டும், பிள்ளை வேலை வேலை எண்டு களைச்சுப் போறான்" என்கிறாள்!

இருந்தாலும் ஒரு வேறுபாட்டை நான் விடமாட்டேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மாசியை உண்ணும்போது அந்த மீன் வேறு எந்த வகையிலாவது, தவிக்காமல் செத்திருந்தால் எனக்குச் சந்தோசம். என் சம்பலின் ருசி அதனால் குறையாது. தூண்டில் விளையாட்டில் அப்படி இல்லை. தவிக்காமல் சும்மா வந்து படகின் பக்கத்தில் நிற்கும் சூரைக்காக யாரும் ஃபல்மத்துக்குப் போகமாட்டார்கள். அங்கே தவிப்புத்தான் விற்பனைப் பொருள். என் குற்றம் கவனியாமை. அதுவும் குற்றம்தான், ஒருவேளை பெரிய குற்றம். எண்ணிக்கையில் பார்த்தால் என் வாழ்நாள் மாசிக்கு எத்தனை மீன் செத்திருக்கும் என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் விரதம் என்று நாம் ஆறு நாள் இருப்பது எண்ணிக்கைக்காக அல்ல. எதில் இன்பம் தேடுகிறோம் என்று ஆறு நாளாவது திரும்பிப் பார்ப்பதற்காக என்றுதான் நான் விளங்கி வைத்திருக்கிறேன். அந்த அளவில் அவனுக்கு என் பதில்: விரதம் முறியும்.

ஏழாம் நாள் பாறணைக்குப் பிறகு போகலாமோ என்று அவன் கேட்டால்? கேட்கத்தான் கேட்டான். "அது உன்ரை மனச்சாட்சி" என்று சொல்லித் தப்பிவிட்டேன். அது பதில் அல்ல என்று இருவருக்கும் தெரியும். விரத நாளில் பிழையாகத் தெரிவது பாறணைக்குப் பிறகு சரியாகிவிடுமா என்ற கேள்வி தூண்டிலுக்கு மட்டும் உரியதல்ல. வெள்ளிக்கிழமை மரக்கறி, சனிக்கிழமை கோழி என்று வாழும் எங்கள் எல்லார் வீட்டுக்கும் உரியது.

அவன் அந்தத் திகதிக்குப் போகவில்லை. தன் இடத்தைக் கந்தோரில் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டான். அடுத்த பருவத்துக்கு நண்பர்கள் மீண்டும் படகு பேசுகிறார்களாம். அதற்கு அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சூரன்போர் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை, விடிய ஐந்து மணிக்கு, அவன் என்னையும் மயிலிட்டி அண்ணையையும் காரில் ஏற்றிக்கொண்டு பில்லிங்ஸ்கேற் மீன்சந்தைக்குப் போனான். அண்ணைக்குப் பேத்தியின் பிறந்தநாளுக்கு மீன் வேண்டும். நல்ல குளிர். ஒரு கடையில் பெரிய சூரையைப் பாதியாக வெட்டி ஐஸில் வைத்திருந்தார்கள். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நடுத் தசை சிவப்பாக இல்லாமல், அரை வேக்காட்டில் அவித்ததுபோல வெளிறி, ஈரமாக இருந்தது. விரலால் தொட்டுக் காட்டினார்.

"பாத்தியோ தம்பி. இது கனநேரம் இழுபட்டுச் செத்த மீன். உடம்பு சூடேறி உள்ளுக்கை வெந்துபோச்சு. இதை நாங்கள் வேண்டமாட்டம்."

மருமகன் கையுறையைக் கழற்றிவிட்டு, தன் விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். கடைக்காரர் எத்தனை இறாத்தல் வேண்டும் என்று கேட்டார்.

மூன்று கிலோ சாளை வாங்கிக்கொண்டு வந்தோம்.